மாப்ளே, முட்டியைத் தரையில தேய்க்கப் போறியாமே!

ஏன் மாப்ளே, உங்கம்மா சொன்னா, நீ இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல பைக் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கியாம். வளைவுல வண்டியைச் சாய்ச்சு, முட்டி தரையில உரசக் கத்துக் கொடுப்பாங்களாம். ரொம்ப சந்தோசம். சின்னப் பயலா இருக்கும்போது ஓசியிலேயே முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு, மூக்கை ஒழுக்கிக்கிட்டு வருவ. உங்கம்மா தேங்காய் எண்ணெய் தடவுவா. இப்ப காசு கட்டித் தேய்க்கப் போற. புள்ள முன்னேறிட்டான்.

தாய்மாமன், தடுக்க மாட்டேன். ஆனா, "இதை முடிச்சிட்டா எனக்கு ஆக்ஸிடென்டே ஆகாதும்மா"ன்னு சொன்னியாமே, அங்கதான் கொஞ்சம் இடிக்குது.

அந்த டிராக்குல எல்லாரும் ஒரே பக்கமாப் போவாங்களாம். எதிர்ல ஷேர் ஆட்டோ வராது. ரோட்டுல பாதியை அடைச்சு எவனும் சோளம் காயப்போட மாட்டான். பெயின்ட் அடிக்காத வேகத்தடை கிடையாது. ஆடு குறுக்க வராது. வந்தாலும் கொடியை ஆட்டி எல்லாரையும் நிறுத்திருவாங்க. நம்மூர் விலக்குல உனக்குக் கொடி ஆட்ட யாரு இருக்கா? டீக்கடை முருகேசன் துண்டை ஆட்டுவான், அதுவும் ஈ ஓட்ட.

சரி, ரோட்டுலயே வச்சுச் சொல்லிக் கொடுத்தா? அதையும் ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணத்துல பார்த்துட்டாங்க. புதுசா லைசென்ஸ் வாங்கின சுமார் 2,400 பேரை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்குச் சின்னச் சின்னக் குழுவா நிஜ ரோட்டுலயே பயிற்சி. இன்னொரு பாதி சும்மா இருந்துச்சு. முடிவு 2016-ல வெளிவந்துச்சு. விபத்து குறைஞ்சதுக்கு அத்தாட்சி இல்ல. ஆனா பயிற்சி எடுத்தவங்களுக்குத் தைரியம் கூடியிருந்துச்சு, வண்டி ஓட்டுறதும் கூடியிருந்துச்சு, வேகமாப் போறோம்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நீந்தத் தெரிஞ்சவன்தான் மாப்ளே நடு ஆத்துக்குப் போவான். தெரியாதவன் கரையில நின்னு சொம்புல மோந்து குளிச்சிட்டு வீட்டுக்கு வந்துருவான்.

"பயிற்சி எடுத்த என் ஃப்ரெண்டு ஒருத்தன்கூட விழலையே மாமா"ங்குற. அவன் பயிற்சிக்கு முன்னாடி விழுந்திருந்தானா? அப்பவும் இல்லேல்ல. தானாத் தேடிப் போய்க் கத்துக்கிறவங்கள்ல பல பேரு முன்னாடியே நிதானக்காரங்க. அந்த நல்ல பேரு வாத்தியாருக்குப் போயிருது. இதையெல்லாம் சலிச்சுப் பார்க்கத்தான் 2010-ல காக்ரேன்ங்கிற ஆய்வு அமைப்புக்காரங்க பைக் பயிற்சி பத்தின 23 ஆய்வுகளை எடுத்து அலசினாங்க. எந்தப் பயிற்சி உசிரைக் காப்பாத்தும்னு சொல்றதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னு எழுதி வச்சிட்டாங்க. பயிற்சி வீண்னு அவங்களும் சொல்லல, நானும் சொல்லல.

அப்போ விபத்து எப்படித்தான் நடக்குதுன்னு கேளு. அமெரிக்காவுல ஹாரி ஹர்ட்னு ஒருத்தர். கலிஃபோர்னியாவுல 900-த்துச் சொச்சம் பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய்த் துருவிப் பார்த்து 1981-ல அறிக்கை கொடுத்தார். வேற வண்டியோட மோதினதுல மூணுல ரெண்டு பங்கு, அந்த வண்டிக்காரன் வழிவிடாமக் குறுக்க வந்ததுதான். பைக்காரனுக்குத் தப்பிக்கக் கிடைச்சது ரெண்டு செகண்டுகூட இல்ல. அதுக்குள்ள அவன் என்ன பண்ணான் தெரியுமா? பின் பிரேக்கை ஓங்கி மிதிச்சு டயரை இழுத்துட்டுப் போனான். முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய அளவு பிடிக்கல.

நீயும் அதேதானே பண்ற? முன் பிரேக் பிடிச்சா வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்னு எவனோ சொன்னதை நம்பி, கால்லயே காலத்தை ஓட்டுற. வண்டியை நிறுத்துறதுல பெரும்பங்கு முன் சக்கரம்தான். வெடுக்குனு பிடிக்காம, படிப்படியா அழுத்திப் பழகணும். பணம் கட்டினதுக்கு இது ஒண்ணை மட்டும் ஒழுங்காக் கத்துக்கிட்டு வா, போதும். முட்டியை விட்டுரு, அது பாவம்.

அந்த ரெண்டு செகண்டை நாலாக்குற வித்தை ஒண்ணு இருக்கு. அதுக்கு ஃபீஸ் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, ஃபோட்டோவும் எடுக்க முடியாது. விலக்கு வருதுன்னா ஆக்ஸிலேட்டரை விடணும். நிக்கிற பஸ்ஸுக்கு முன்னாலருந்து ஆள் வருவான்னு நினைச்சுக்கணும். திரும்பப் போற கார்க்காரன் உன்னைப் பார்க்கலைன்னே வச்சுக்கணும். உன் சோட்டுப் பயலுக இதைப் பயந்தாங்கொள்ளித்தனம்பாங்க. சொல்லிட்டுப் போறாங்க.

இன்னொண்ணு. ஹெல்மெட்டை முழங்கையில வளையல் மாதிரி மாட்டிக்கிட்டு, போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏத்துறியே, வாரையும் பூட்டாம. வண்டி ஓட்டுறதுல நீ சூரனோ சொத்தையோ, விபத்துன்னு வந்தா ஹெல்மெட் சாவைச் சுமார் 42 சதவீதம் குறைக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. இந்தியாவுல 2022-ல மட்டும் ஹெல்மெட் போடாமப் போய்ச் செத்தவங்க 50,029 பேர்னு மத்திய சர்க்கார் புள்ளிவிவரமே சொல்லுது. அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்து போனவங்க.

பின்னாடி உக்காந்திருந்தவங்க எந்தப் பயிற்சிக்கும் போகல மாப்ளே. ஓட்டுறவனை நம்பி ஏறினவங்க. அதனால நல்லா போயிட்டு வா. திரும்பி வரும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இன்னொண்ணு வாங்கிட்டு வா. சந்தைக்குப் போகும்போது உன் முதுகுக்குப் பின்னால உக்கார்றவ என் தங்கச்சி.