கெட்ட வாக்கியம், நல்ல ஞாபகம்

கே: அரிய சொற்களை என் மகன் அசிங்கமான வாக்கியங்களில் வைத்துப் படிக்கிறான். கண்டிக்கலாமா?

ப: வேண்டாம்! சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முந்தைய ‘ரெட்டோரிகா அட் ஹெரென்னியம்’ என்ற இலத்தீன் பேச்சுக்கலை நூலே அவன் கட்சிதான். சாதாரணமானது மறக்கும்; ஆபாசமானதும் சிரிப்பூட்டுவதும் மனதில் தங்கும் என்கிறது. வழக்கின் சாட்சிகளை மறக்காதிருக்க, ஒருவன் விரலில் ஆட்டுக்கிடாயின் விதைகள் தொங்குவதாகக் கற்பனை செய்யச் சொல்கிறது. இலத்தீனில் ‘டெஸ்டெஸ்’ என்றால் சாட்சிகள்; விதைகளும் அதுவே. வாத்தியார் என்றால் இந்நூலை எழுதியவரல்லவா வாத்தியார்!

வாக்கியத்தை உங்கள் மகனே உருவாக்கட்டும், பொருளும் அதிலேயே விளங்கட்டும். பிறர் உடலையும் சாதியையும் மட்டும் தொடக்கூடாது. உதாரணமாக, ‘ஞமலி’ என்றால் நாய். வெறுமனே உருப்போட்டால் நாளைக்கே மறக்கும். “தாத்தா விட்ட குசுவில், குரைத்துக்கொண்டிருந்த ஞமலி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.” இப்போது மறந்து காட்டுங்கள், பார்ப்போம்!