ராவணன் மேல பழி போடாத பேராண்டி

என்னப்பா பேராண்டி, மொட்டை மாடியில நின்னு போனை ஆகாசத்துக்குத் தூக்கிக் காட்டுற? மழைக்கு வேண்டுதலா, நெட்டுக்கு வேண்டுதலா? எதுக்கா இருந்தாலும் எறங்கி வா. வெயில்ல கருவாடு காயுது, நீயும் கூடக் காயாத.

"இலங்கை டவரு குறுக்க பாயுது, அதான் வீட்டு வைஃபை நிக்குது"ன்னு ஒங்க அப்பத்தாகிட்டச் சொன்னியாமே. அவ நம்பிட்டா. என்னைக் கட்டுனவ, எதையும் நம்புவா. அரிச்சல்முனைக்குப் போனா போனு அந்தக் கரை டவரைப் புடிக்கிறது வாஸ்தவந்தான். தலைமன்னார் அங்கயிருந்து சுமார் 30 கிலோமீட்டரு. ஆனா அது செல்போன் டவரு சமாச்சாரம். ஒங்க வீட்டு வைஃபை டப்பாவோட அலை தெருமுனை டீக்கடைக்கே போய்ச் சேராது, அதை மறிக்கவா கடல் தாண்டி ஆள் வரப்போறான்? ராவணன் கணக்குல ஏற்கெனவே பழி நெறயக் கெடக்கு. இதையும் எழுதாத.

அந்த டப்பாவைப் பாரு. எல்ஓஎஸ்னு போட்டிருக்கிற எடத்துல செவப்பு எரியுதா? அப்ப தெருவுலயிருந்து வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். வெளிச்சந்தான்டா, கரண்ட்டு இல்ல. இந்த மெல்லிசு வயருக்குள்ள இருக்கிறது கண்ணாடி இழை. அதை மடக்குனா வளைவுல வெளிச்சம் வெளிய ஒழுகிரும். இந்தா, இங்கிட்டுப் பாரு. டெய்லி காலண்டர் தொங்குற ஆணியில இழையை நாலு சுத்துச் சுத்தி, மிச்சத்தை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வச்சிருக்கு. யாரு செஞ்ச வேலை? ஒங்காத்தாவா? அவகிட்ட நான் கேக்கமாட்டேன், நீயே கேளு. அகலமா வட்டம் விட்டுத் தொங்கப் போடு.

செவப்பு எரியல, போன்ல வைஃபை கோடு முழுசா நிக்குது, ஆனாலும் வட்டம் சுத்துதா? மொதல்ல ரீசார்ஜ் தேதியைப் பாரு. பாதி நாளு வியாதி அதுதான், வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு டவரைத் திட்டுறீங்க. காசு கட்டியிருந்தா ஒந் தங்கச்சி போனை வாங்கிப் பாரு. அவளுக்கு ஓடி ஒனக்கு ஓடலைன்னா கோளாறு ஒங்கையில இருக்கு. வைஃபை பேரை அழுத்தி மறக்கச் சொல்லு, திரும்ப பாஸ்வேர்டு போடு. ரெண்டு பேருக்கும் ஓடலைன்னா டப்பாவை அணைச்சுட்டு ஒரு நிமிசம் பொறு. ரெண்டு டப்பா இருந்தா இழை வர்றதை மொதல்ல போடு, அதோட லைட்டு நிலைச்சதும் மத்ததைப் போடு. மாசக்கணக்கா அணைக்காம ஓடுனா அதுக்கும் புத்தி கலங்கும்.

டப்பாவுல ரீசெட்னு இருக்கிற பொடி ஓட்டைக்குள்ள குண்டூசியை விடப் பாக்குற பாரு, அதை மட்டும் செஞ்சிராத. அணைச்சுப் போடுறது வேற, அது வேற. அதை அமுக்கிப் புடிச்சா கேபிள்காரரு உள்ள எழுதி வச்ச பேரு, பாஸ்வேர்டு அம்புட்டும் அழிஞ்சுரும். அப்புறம் அவரு வந்து எழுதுற வரைக்கும் நீ எங்கூடத் திண்ணையில ஒக்காந்து பேசவேண்டியதுதான். ஒனக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஏது?

சரி, வாசல்ல நெட்டு பறக்குது, ஒன் ரூம்புல மட்டும் தவழுதுன்னு சொல்றியே, டப்பாவை வச்சிருக்கிற லட்சணத்தைப் பாத்தியா? டிவிக்குப் பின்னால, எவர்சில்வர் சாமான் அடுக்குன அலமாரிக்குள்ள, மேல பூப்போட்ட துணி வேற போர்த்தி. விசைப்படகுல வயர்லெஸ் செட்டு இருக்கே, அதோட ஏரியலை எங்க கட்டுறோம்? ஐஸ் பெட்டிக்குள்ளயா? ஒசரத்துல கம்பு நட்டு உச்சியில கட்டுறோம். மறைப்பு இல்லாம இருந்தாத்தான் 16-ஆம் சேனல்ல நீ ஆபத்துன்னு கத்துறது அடுத்த படகுக்குக் கேக்கும். தகரமும் எவர்சில்வரும் அலையைத் திருப்பி அடிக்கும். அந்தப் பீரோவும் அப்படித்தான், கண்ணாடிக்குப் பின்னால பூசுன பூச்சும் அப்படித்தான். தண்ணித் தொட்டி அலையைக் குடிச்சிரும்.

செவுரு வேற. ஒங்க பூட்டன் கடல்ல வெட்டுன பாறைக்கல்லையும் சுண்ணாம்பையும் போட்டு ரெண்டு முழ கனத்துக்குக் கட்டுன செவுரு இது. 1895-லயே கல்கத்தாவுல ஜகதீஷ் சந்திரபோஸ் செவுத்தைத் தாண்டி அலையை அனுப்பி மணியடிக்க வச்சாரு. அவருக்கு இந்த வீட்டைக் காட்டியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாரு. டப்பாவுல ரெண்டு அலை வருது, 2.4, 5ன்னு. அஞ்சு வேகம், ஆனா செவுத்தைக் கண்டாச் சோர்ந்துரும். ரெண்டே கால் சொச்சம் நிதானம், உள் ரூம்பு வரைக்கும் வரும். நீ உள்ள போயிப் படுத்துக்கிட்டு அஞ்சுதான் வேணும்னா எப்படி? ரெண்டே கால் சொச்சத்துல அக்கம்பக்கத்து டப்பா எல்லாம் ஒரே சேனல்ல கூச்சல் போடும். 1, 6, 11-ல எது காலியோ அதுல வை. இந்த மூணுந்தான் ஒன்னோட ஒன்னு உரசாது.

ஏரியல் குச்சியை ஆளைப் பாத்துச் சாய்ச்சு வச்சிருக்கியே, அது எதுக்கு? குச்சி நுனியிலயிருந்து அலை பாயாது, பக்கவாட்டுலதான் விரியும். நிமித்தி வை. இலங்கை வானொலி கேக்க நாங்க டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வச்சவங்க. உள்ள இருக்கிற குச்சியோட முனை ஸ்டேசனைப் பாத்து நின்னா பாட்டு அமுங்கிரும், குறுக்க நின்னாக் கணீர்னு கேக்கும். அப்ப எங்களை எல்லாரும் வேலையத்தவன்னாங்க. இப்ப அதுக்குப் பேரு டெக்னிக்கல் சப்போட்டாம்.

உச்சிப்புளி நேவிக்காரங்க ரேடாருனால அப்பப்பக் கட்டாகுதுன்னு அடுத்த புளுகு அவுத்து விடாத. ஆனா அதுல கால்வாசி நெசம் இருக்கு. அஞ்சு அலையில சில சேனல்ல, ரேடாரு துடிப்பு காதுல பட்டா டப்பா ஒதுங்கி வேற சேனலுக்குப் போயே ஆகணும், அது சட்டம். ஒதுங்குற நேரம் நெட்டு நின்னு திரும்ப வரும். 36-லயிருந்து 48-க்குள்ள வச்சா அந்தத் தொந்தரவு கெடையாது. வச்சும் கட்டானா, நேவிக்காரங்களை விட்டுட்டு இந்த அடாப்டர் பின்னைப் பாரு. பச்சைக் களிம்பு பூத்திருக்கா? உப்புக்காத்து. இரும்பு ரயில் பாலத்தையே அரிச்ச காத்து, ஒன் பின்னை விட்டு வைக்குமா? கரண்ட்டை அணைச்சுட்டு உலர்ந்த துணியால தொடை, இல்லைன்னா வேற அடாப்டர் வாங்கு. வோல்ட்டு அதே இருக்கணும்டா, போன் சார்ஜரைச் சொருகிப் பாக்காத.

இத்தனையும் பாத்தும் செவப்பு போகலையா, அப்பக் கேபிள்காரத் தம்பிக்குப் போன் போடு. மொட்டையா "நெட்டு வரல"ன்னா, "அணைச்சுப் போடுங்க"ம்பாரு, அதோட போச்சு. "எல்ஓஎஸ் செவப்பு, இழையை நேராக்கியாச்சு, அடாப்டர் நல்லாருக்கு, பக்கத்து வீட்டுலயும் போச்சு"ன்னு சொல்லு, வெரசா வருவாரு. வந்ததும் போஸ்டுல ஏற ஏணி கேப்பாரு. அதுக்கு எங்கிட்ட வந்து நிக்காத. போன ஐப்பசியில தேங்கா பறிக்க நீ வாங்கிட்டுப் போன ஏணி ஒன் வீட்டுக் கொல்லையிலதான் கெடக்கு.