பரங்கிமலைக் கல்லுக்கு வாய் முளைத்த கதை

எங்கள் நயினார்கோவில் தலக்கதையில், முல்லா சாகிபின் ஊமை மகள் நாகநாதர் சன்னிதியில் "நயினார்" என்று வாய் திறந்தாளாம். அங்கே பேச வைத்தது சாமி. சென்னைப் பரங்கிமலையில் ஒரு கல்லையே பேச வைத்தார்கள். அது முழுக்க மனுஷன் வேலை.

1547. மலையுச்சியில் போர்த்துக்கீசியர் தேவாலயத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது சிலுவைக்கல் ஒன்று கிடைத்தது. ஏழு, எட்டாம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியது என்பார்கள். தலைகீழாக இறங்கும் புறா, இருபுறமும் தூண், தூண் உச்சியில் நம்மூர்க் கோயில் மகரங்கள் வாய் பிளந்து வளைவைக் கக்குகின்றன. அந்த வளைவு நெடுக, கோழி கிண்டினாற்போல எழுத்து.

1558 டிசம்பர் 18, பூசை நடக்கும்போது கல்லில் ரத்தம் வியர்த்ததாம். இனி எழுத்தைப் படிக்காமல் தூக்கம் வருமா? 1561இல் படித்த பிராமணர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். 'தெரியாது' என்று சொல்லும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழு வாக்கியமாக்கும் என்று ஆரம்பித்து, கன்னி பெற்ற பிள்ளை, பன்னிரண்டு சீடர்கள், மயிலாப்பூர் வந்த தோமா என முப்பத்துச் சொச்சம் எழுத்தில் ஒரு புராணத்தையே இறக்கிவிட்டார். சரிபார்க்க வந்த இன்னொரு பிராமணரும் அதையே படித்தாராம். இரண்டு பண்டிதர்கள் ஒத்துப்போனபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா!

1704க்குப் பிறகு கல்லுக்கு வியர்க்கவில்லை. 1873இல் பர்னல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இது பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து என்று போட்டு உடைத்தார். அப்புறம் ஆளுக்கொரு வாசிப்பு, ஆளுக்கொரு சண்டை. 1929இல் வின்க்வொர்த் என்ற ஆய்வாளர் படித்துச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: ஆண்டவரே, இதைச் செதுக்கிய சிரியாக்காரன், சஹர்புக்த் மகன் அஃப்ராஸ் மேல் இரக்கம் வையும்.

அதாவது, கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் 'உபயம்'. கோட்டயம் வலியபள்ளிச் சிலுவை ஒன்றிலும் இதே வாசகம்தான். அஃப்ராஸ் பேரைக்கூட மாற்றாமல் காப்பியடித்தார்களோ என்னவோ.

பரங்கிமலைக் கல் இன்றும் அந்த மலைத் தேவாலயப் பீடத்துச் சுவரில் பத்திரமாக இருக்கிறது. போன தடவை அதன்முன் நின்றபோது, பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அம்மா கேட்டார்: "அதுல என்ன தம்பி எழுதியிருக்கு?"

அஃப்ராஸ் பேர் நாக்கு நுனி வரை வந்தது. அவர் கையில் ஜெபமாலை.

"தோமையார் கதைம்மா" என்றேன்.