அனிமேட்டர் அக்கா

சென்னையில் கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் பண்ணுகிற என் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். வாசலில் யாரோ "அனிமேட்டர் வர்றாங்க" என்று சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தான். "மாமா, இந்த ஊர்லகூட அனிமேட்டர் இருக்காங்களா?"

"தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்கடா. நீ பொம்மையைத்தானே நடக்கவைப்ப? எங்க அனிமேட்டர் அக்கா பேங்க் மேனேஜரையே நடக்கவைப்பாங்க" என்றேன்.

அரசாங்கக் காகிதத்தில் அவர் 'ஊக்குநர்'. ஆனால் அந்தச் சொல் ஊருக்குள் வர பஸ் கிடைக்காமல் காகிதத்திலேயே தங்கிவிட்டது. தருமபுரிப் பக்கத்து எங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவை நடத்துகிறவர் அனிமேட்டர்தான். அவர் தோளில் எப்போதும் ஒரு கறுப்பு ரெக்சின் பை தொங்கும். ஏதோ பயிற்சி முகாமில் கொடுத்தது. ஜிப் போய் வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தில் வரிசையாக நாலு ஊக்கு மாட்டியிருக்கிறார். ஊக்குநர் என்ற பட்டத்துக்கு அது ஒன்றே போதிய ஆதாரம்.

பைக்குள் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பாஸ்புக், ரப்பர் ஸ்டாம்ப், மை காய்ந்த ஸ்டாம்ப் பேடு எல்லாம் இருக்கும். கூடவே 15 பெண்களின் ஆதார் நகலும் போட்டோவும். என் மனைவியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அக்காவின் பையில் ஆறு இருக்கிறது.

வருஷக்கணக்காகக் கூட்டம் நடத்தி நடத்தி, அக்காவுக்கு வீட்டுப் பேச்சும் நோட்டுப் பேச்சாகிவிட்டது. வீட்டுக்காரர் மத்தியானம் கறிக்குழம்பு கேட்டால், "போன வாரமே பேசி முடிச்ச விஷயங்க, மறுபடி எடுக்காதீங்க" என்பார். பையன் பைக் கேட்டபோது மனு ஒத்திவைக்கப்பட்டது. ஆறு வருஷமாக ஒத்திவைப்பிலேயே இருக்கிறது.

குழுக் கூட்டம் மாரியம்மன் கோயில் பந்தலில் சாயங்காலம் 4 மணிக்கு என்றால் 5 மணிக்குக் கூடும். தாமதமாக வந்தால் 5 ரூபாய் அபராதம். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன்க்கா" என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. ஒரு தடவை அக்காவே தாமதமாக வந்தார். தன் சுருக்குப் பையிலிருந்து 5 ரூபாயை எடுத்து, தன் கையில் தானே கொடுத்து, தனக்குத் தானே ரசீதும் எழுதிக்கொண்டார்.

தீர்மான நோட்டைத்தான் படிக்கவேண்டும். அது ஒரு காவியம். கடன் கேட்கிறவருக்கு உண்மையில் மகளின் காதுகுத்தாக இருக்கும், மாமியாரின் கண் ஆபரேஷனாக இருக்கும், பையனின் காலேஜ் ஃபீஸாக இருக்கும். நோட்டில் எல்லாமே 'கறவை மாடு வாங்க'. அந்த மாடுகளெல்லாம் ஒருநாள் உயிர்பெற்று எழுந்து வந்தால், மேய மாவட்டத்தில் புல் போதாது.

ஒருநாள் அந்த மாடுகளைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தே விட்டார். ஊரில் நிஜமாக இருந்தது டெய்லரம்மா வீட்டு மாடு ஒன்று. முதல் வீட்டில் அவர் காபி குடித்து முடிப்பதற்குள் அது கொல்லைப்புறமாக இரண்டாம் வீட்டுக்குப் போனது. அங்கே மோர் குடிப்பதற்குள் மூன்றாம் வீட்டில் கட்டப்பட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மாட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார்.

அக்கா கண் இமைக்கவில்லை. "ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க சார்."

பேச்சை மாற்ற அக்காவிடம் ஒரு தல புராணம் தயாராக உண்டு. "1989-லயே தருமபுரிக்கு ஐஃபேடு வந்திருச்சுங்க சார்" என்று ஆரம்பிப்பார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் செல்போனையும் அவரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அக்கா சொல்வது கையில் வைத்துத் தடவுகிற ஐபேட் அல்ல. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். அதன் உதவியோடுதான் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் தருமபுரியில் முதலில் முளைத்தன. 1992-ல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. புராணம் முடிகிறபோது வந்தவர் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஊரில் நல்லது பொல்லாதது எதுவும் குழு இல்லாமல் நடக்காது. கிராம சபைக்கு ஆள் குறைகிறதா, டெங்கு ஊர்வலமா, கொடியேற்றமா, அக்காவுக்கு ஒரு போன் போதும். பத்தே நிமிஷத்தில் ஒரே நிறச் சேலையில் 15 பேர் வந்து நிற்பார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சமைக்கப் போனவர்களும் குழுப் பெண்கள்தான். சமைக்கிறவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. கிச்சடியில் உப்புக் குறைந்தால் புகார் சாயங்காலம் புத்தகப் பையோடு வீட்டுக்கே வந்துவிடும்.

வங்கி, குழுவிடம் சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் அத்தனை பேரின் அடுத்த கடனும் தொங்கும். அதாவது ஒருத்திக்கு ஜாமீன் பக்கத்து வீட்டுக்காரி. அதனால் தவணை வசூலிக்க அக்கா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நேராகப் போய்த் திண்ணையில் உட்காருவார். தண்ணீர் கேட்பார். சர்க்கரை அளவு விசாரிப்பார். கடன் என்ற வார்த்தையே வாயில் வராது. சற்று நேரத்தில் இன்னொருத்தி வந்து உட்காருவாள். பிறகு இன்னொருத்தி. நாலாவது ஆள் செருப்பைக் கழற்றும்போது, அந்த வீட்டுக்காரர் தானே எழுந்துபோய் அரிசி டிரம்முக்குள் கையை விடுவார்.

போன ஆடியில் நான் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டேன். மனைவியின் குழுக் கடனில் இரண்டு தவணை நின்றுபோயிற்று. ஒரு சாயங்காலம் அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். இன்னொருத்தி வந்தாள். மூன்றாவது ஆள் வந்தாள். எங்கள் வீட்டு டிரம்மில் அரிசியே அடியில்தான் இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒருமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது திண்ணையில் யாரும் இல்லை. சொம்புக்கு அடியில் மடித்த ரூபாய் நோட்டுகள் இருந்தன. எங்கள் இரண்டு தவணைக்கும் ரசீது இருந்தது. கூடவே ஒரு பொட்டலம் கீழாநெல்லி.

உடம்பு தேறியதும் பணத்தை எடுத்துக்கொண்டு கூட்டம் நடக்கும்போதே பந்தலுக்குப் போனேன். அக்கா ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாலு நோட்டையும் நிதானமாகப் புரட்டினார்.

"எந்தப் பணம்ண்ணா? இதுல ஒண்ணும் பதிவு இல்லீங்களே?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து…"

"நோட்டுல இல்லாததைக் கூட்டத்துல பேசக்கூடாதுங்க." அக்கா பேனாவைத் திறந்தார். "உறுப்பினர் அல்லாத ஆள் கூட்டத்துக்குள்ள நுழைஞ்சதுக்கு அபராதம் 5 ரூபா. எடுங்க."

கட்டினேன். ரசீது வைத்திருக்கிறேன்.