ஸ்டாக் இல்லாத புத்தகத்தின் ரசிகர்

சென்னைப் புத்தகக் காட்சியில் அவரை அடையாளம் காண்பது சுலபம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஊரே பெரிய பதிப்பகங்களின் அரங்குகளை மொய்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஏதோ ஒரு கடைக்கோடி வரிசையில், ஒற்றை அரங்கின் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பார். மேசைமேல் இருப்பதை அவர் பார்ப்பதில்லை. மேசைமேல் வந்துவிட்டால் எல்லார் கண்ணிலும் பட்டுவிடுகிறதே. மேசைக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதிலிருந்து அரங்குக்கு அரங்கு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் சுவர்போல் எழும்பி நிற்கிறதல்லவா, அதைக் கடக்கும்போது மட்டும், கல்யாண வீட்டில் கடன் கொடுத்தவரைப் பார்த்துவிட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார். அவர் கேட்கும் கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும். “தம்பி, அந்தப் பேய்க்கதைத் தொகுப்பு ஒண்ணு போட்டீங்களே, இருக்கா?” “அது ஸ்டாக் இல்லீங்க சார். இருநூறு காப்பிதான் போட்டோம், தீர்ந்துடுச்சு.” இந்தப் பதிலைக் கேட்டால் மற்றவர்களுக்கு முகம் வாடும். நம்மவருக்கு மலரும். இல்லை என்று தெரிந்த புத்தகத்தை இல்லை என்று சொல்லவைப்பதற்காகவே அவர் அங்கே வந்திருக்கிறார் என்றுகூடத் தோன்றும்.

இப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது, சிரிக்கவும் வேண்டும். ஆனால் அவரிடம் சிரிப்புக்கு இடமானது எதுவோ அதுவேதான் தமிழ்ச் சிறு பதிப்பகங்களுக்குச் சோறு போடுகிறது என்பது என் கட்சி. கணக்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் தமிழில் ஒரு புத்தகம் போட்டால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி என்பது வழக்கம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் அது இருநூறு, முந்நூறு என்று இறங்கி, சில புத்தகங்களுக்கு ஐம்பதிலும் வந்து நிற்கிறது. விற்ற பிரதியிலும் கடைக்காரருக்குக் கணிசமான கழிவு போய்விடும். நூலக ஆணை வந்தால் உண்டு, வராவிட்டால் பரண் உண்டு. துப்பறியும் கதையோ அறிவியல் புனைவோ அமானுஷ்யமோ போட்டுவிட்டால் இலக்கியப் பத்திரிகைகளில் மதிப்புரைக்கும் வழியில்லை. வந்த பிரதியை உதவி ஆசிரியர் பஸ்ஸில் படித்து முடித்துவிட்டு, இலக்கியமல்ல என்று ஒதுக்கிவிடுவார். ஆக, விளம்பரப் பிரிவு, விற்பனைப் பிரதிநிதி, விமரிசகர் எல்லாமே நம்மவர் ஒருவர்தான். அவர் கையாளும் விளம்பர வாசகமும் ஒன்றே ஒன்றுதான்: “நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.” இதைவிடத் திறமையான வாசகத்தை எந்த விளம்பர நிறுவனமும் எழுதிவிட முடியாது. நல்ல புத்தகம் என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று சொன்னால் ரோஷம் வந்து வாங்குவார்.

இதற்கு முதல் ஆட்சேபம் வலுவானது. இந்த மனிதர் கண்டுபிடிப்பவையெல்லாம் ஏற்கெனவே ஊரறிந்தவை அல்லவா? உண்மைதான். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் என்ற சிறு பதிப்பகம், பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பொன்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன், தமிழ்வாணன், ரமணிசந்திரன் எல்லாரும் அதில் உண்டு. நம்மவர் வகையறாவில் ஒரு பிரிவினர் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் ராஜேஷ்குமாரைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவரை! அவர் பெயர் தொங்காத பெட்டிக்கடை கிடையாது. பஸ் கிளம்புமுன் ஜன்னல் வழியாகக் கைநீட்டி வாங்கிய மாத நாவல்களில் பாதி அவருடையதாக இருக்கும். கண்டுபிடித்தவரின் சொந்தச் சித்தியே சமையலறை அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், இருபது வருஷ ‘க்ரைம் நாவல்’களை அடுக்கி வைத்திருந்திருப்பார். அந்த அலமாரியைத் திறந்து பார்க்காதவர், ஆங்கில அட்டை போட்டு வந்ததும் சித்திக்கே போன் செய்து, “சித்தி, ராஜேஷ்குமார்னு ஒருத்தர் எழுதறார், நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க” என்று சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனாலும் ஆட்சேபம் முழுதாகச் செல்லாது. ஊரே படித்தது என்பதும் யாராவது வைத்திருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. மாத நாவல் என்பது சட்டப்படி பத்திரிகை ஜாதி; மாதம் முடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. படித்தவர் பஸ்ஸிலேயே விட்டுப் போவார், மீந்தது எடைக்குப் போகும். தொடர்கதைகளுக்காவது சில வீடுகளில் யோகம் இருந்தது: வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசிநூல் போட்டுத் தைத்து, காலிகோ அட்டைக்குள் பைண்டு செய்து வைத்தார்கள். சுஜாதாவின் கதைக்கு ஜெயராஜ் வரைந்த படங்களோடு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஜோக்கும் பின்பக்கத்துத் தைல விளம்பரமுமாக அப்படிப்பட்ட பைண்டு ஒன்று நடைபாதைக் கடையில் அகப்பட்டால் நம்மவர் பேரம் பேசக்கூட மறந்துவிடுவார். இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. அது ஒரு காலத்தில் பரபரப்பாக விற்ற கதை. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் படமாகி, நம்பியார் அதில் வேடத்துக்குமேல் வேடம் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கிறது. மூலப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? இலக்கியவாதிகள் குப்பை என்றார்கள். கல்லூரி நூலகங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன. குப்பையைச் சேர்த்துவைக்க ஒரு கிறுக்கர் தேவைப்பட்டார்; காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் அப்படி ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நாவல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது; அதைக் கொண்டு சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. முனைவர் பட்ட மாணவர்கள் இன்று அங்கே வரிசையில் நிற்கிறார்கள். எடைக்கடைக்காரர் முந்திக்கொண்டிருந்தால் அந்தப் பட்டங்களில் பல இல்லை.

சிவகாசிக்கு ஒரு நடை போய்வருவோம். 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ அங்கிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது, 1984-இல் ‘லயன்’ வந்தது. இத்தாலிக்காரர்கள் உருவாக்கிய டெக்ஸ் வில்லர் என்ற அமெரிக்க ரேஞ்சர், பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊரிலிருந்து சுத்தத் தமிழில் வில்லன்களை மிரட்டுகிறார். கடைகளில் பெரும்பாலும் கிடைக்காத இந்தப் புத்தகங்கள், முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்களை நம்பித்தான் அச்சேறுகின்றன. புத்தகம் வருமுன் பணம் கட்டுபவர். வந்ததும் மோந்து பார்ப்பவர். பைண்டிங் ஒரு நூல் கோணினாலும் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதுபவர். எழுதிய கையோடு அடுத்த வருஷச் சந்தாவையும் கட்டுபவர். பதிப்பாளர் ஆயுசுபூராவும் சாமியிடம் கேட்கும் வரம் இந்த வாசகர்தான்.

சரி, வாங்குவதை எல்லாம் இவர் படிக்கிறாரா? இல்லை. அதை மறைக்கவும் மாட்டார். அவர் வரிவரியாகப் படிப்பது ஒரே ஒரு பக்கத்தை: நூல் விவரப் பக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் தாள் 11.6 கிலோ, எழுத்து 10 புள்ளி, அளவு கிரௌன், கட்டுமானம் தையல் என்று ஜாதகம்போல் குறித்திருப்பார்களே, அதைப் படிக்கும்போது அவர் உதடு அசையும். கொலைகாரன் யார் என்று கேட்டால் தெரியாது. அச்சகம் எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்வார். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? படிக்காமல் வாங்குபவரின் பணமும் செல்லும். இணையத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கிறதே, இனி இவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தேடுபொறி நாம் கேட்டதைத்தான் தரும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். உருது எழுத்தாளர் இப்னே சஃபியின் துப்பறியும் நாவல்கள் சென்னைப் பதிப்பகமொன்றால் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன என்பதை, அவர் பெயரையே அறியாத ஒருவர் எப்படித் தேடுவார்? அதைச் சொல்ல, யாரும் கேட்காமலேயே பேச்சை ஆரம்பிக்கும் ஓர் ஆள் வேண்டும். கேட்காமல் பேசுவதில் நம்மவருக்கு இணை கிடையாது.

அவரிடம் நான் மன்னிக்காத குற்றம் ஒன்றே ஒன்றுதான்: தன் கண்டுபிடிப்பு நாலு பேருக்குத் தெரியவேண்டும், ஐந்தாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. அவர் பத்து வருஷமாகத் தூக்கிப் பிடித்த ஆசிரியர் ஒருவருக்குச் சினிமாவில் வசனம் எழுத வாய்ப்பு வந்துவிட்டால், “முன்ன மாதிரி இல்லை” என்று அன்றைக்கே கைகழுவிவிடுவார். பதிப்பாளர் எப்படியோ கடன் வாங்கி இரண்டாம் பதிப்பு போட்டால் துக்கம் விசாரிப்பதுபோல அரங்குக்கு வருவார். “அட்டையை மாத்திட்டீங்களே” என்பார். “சார், பழைய அட்டை நல்லா இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க” என்று தம்பி நினைவுபடுத்துவான். காதில் விழாததுபோல் 43-ஆம் பக்கத்தைப் புரட்டுவார்; முதல் பதிப்பில் இன்ஸ்பெக்டரின் பெயர் அங்கே ஒரு வரியில் மாறிப்போயிருக்கும். இப்போது திருத்திவிட்டார்கள். அந்தப் பிழையால்தான் முதல் பதிப்புக்கே மதிப்பு என்று தம்பிக்குக் கால் மணி நேரம் விளக்கிவிட்டு, வேறென்ன கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரதிக்குப் பணம் கொடுப்பார். பில் போடும்போது, பத்து சதவீதக் கழிவு உண்டா என்று மட்டும் மறக்காமல் கேட்பார்.