நாள் சொல்லாமல் மழை சொல்வது எப்படி

உன்ட போனுக்குள்ள மூணு வானம் இருக்கு மருமகன். ஒண்டில வெயில், ஒண்டில இடி, மத்ததில 40 வீதம். மூணையும் மாறி மாறித் தட்டிப் பாத்திட்டு, கடைசியில என்ட முகத்தைப் பாக்கிறாய். மேல ஒண்டு சும்மா விரிஞ்சு கிடக்கு, அதை மட்டும் இன்னும் பாக்கல்ல.

சரி, வந்ததுதான் வந்தாய், இரி. பெரியநீலாவணையில வானம் பாத்துச் சொல்லுற ஆள் எண்டு எனக்கொரு பேர் இருக்கு. பாண்டிருப்பு மட்டும் அந்தப் பேர் போயிருக்கு. அது எப்படி வந்த எண்டு இண்டு வரைக்கும் ஆருக்கும் சொன்னதில்ல. நான் மவுத்தானா தொழிலும் என்னோட போயிரும். ஊருக்கு ஒருத்தன் வேணும்தானே. கேட்டுக்க.

என்ட உஸ்தாத் கொழும்பில இருக்கு. பௌத்தாலோக மாவத்தையில வளிமண்டலவியல் திணைக்களம். அவங்கட அறிக்கைய ஒருநாள் காதுகுடுத்துக் கேள்: கிழக்கு மாகாணத்தின் சில இடங்களில் அவ்வப்போது மழை பெய்வதற்கான சாத்தியம் காணப்படுகிறது. இதில ஒரு பிழை பிடி பாப்பம். கிழக்கு மாகாணம் எண்டா புல்மோட்டையில இருந்து பாணமை மட்டும். அதுக்குள்ள எங்கயாவது ஒரு ஆலமரத்தில நாலு துளி விழாம ஒரு மாரி நாள் கழியுமா? சில இடம் எண்டா எந்த இடம் எண்டு கேக்க ஏலாது. அவ்வப்போது எண்டா எப்போது எண்டும் கேக்க ஏலாது. சாத்தியம் எண்டது பெய்யாட்டியும் இருந்ததுதானே! ஒரே வரிக்குள்ள ஓடித் தப்ப மூணு வாசல் வச்சிருக்காங்க. நான் ரேடியோவுக்குப் பக்கத்தில இருந்து தொழில் படிச்ச ஆள், எனக்கு அந்த வரியில மரியாதை உண்டு.

அந்த 40 வீதமும் அப்படித்தான். நீ என்ன நினைக்கிறாய்? வீட்டுக்கு நாப்பது பங்கு நனையும் எண்டா? போனில அதைப் போடுறவன் சொல்லுறது வேற. இந்த மாதிரி 40 எண்டு சொன்ன நாளில பத்தை எடுத்தா, நாலில பெய்யும், ஆறில பெய்யாது. அப்படி வந்தா அவன்ட கணக்குச் சரி. அதால இண்டைக்குப் பெய்தாலும் அவன் சரி, பெய்யாட்டியும் சரி. அவனைப் பிடிக்கோணும் எண்டா ஒவ்வொரு நாளையும் கொப்பியில எழுதிக் கூட்டிப் பாக்கோணும். கல்முனைச் சந்தையில கடன் கொப்பி எழுதுறவன் இருக்கான், மழைக்கொப்பி எழுதுறவன் ஆர்?

ஆனா மருமகன், அவங்களை முழுசாப் பகிடி பண்ணவும் ஏலாது. ஐரோப்பாக்காரன்ட பெரிய கணினி 2016 இல இருந்து உலகத்தையே 9 கிலோமீற்றர் கட்டங்களா வெட்டித்தான் வானம் பாக்குது. நம்மட ஊரை யோசி. கிழக்கால கடல், மேற்கால களப்பும் வயலும், நடுவில மட்டக்களப்பு ரோட்டு. இந்தக் கீலத்தை மாதிரி எத்தனை கீலம் அந்த ஒரு கட்டத்துக்குள்ள அடங்கும்! கடலும் களப்பும், மருதமுனையும் நாமளும், அதுக்கு எல்லாம் ஒரே புள்ளி. பருவம் மாறுற சித்திரையில, ஐப்பசியில, உச்சி வெயிலில தரை சுட்டு, கடல்காத்து உள்ள ஏறி, வயல் பக்கத்துக் காத்தோட முட்டுற இடத்தில முகில் எழும்பும். அசருக்கு முதல் இடி. முட்டுற இடம் அரைக்கட்டை அங்கால போனா மருதமுனையில வெள்ளம், நம்மட வாசலில புழுதி. முதல்நாள் அதைச் சொல்ல ஒருத்தனாலயும் ஏலாது. சொல்லுறன் எண்டு சொல்லுறவனை நம்பாத, அது நானா இருந்தாலும்.

ஏன் ஏலாது எண்டு கேள். 1961 இல அமெரிக்காவில எட்வர்ட் லோரன்ஸ் எண்டொருத்தர் கணினியில வானிலைக் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கைத் திரும்பப் போட நினைச்சு, 0.506127 எண்ட இலக்கத்தை 0.506 எண்டு சுருக்கிப் போட்டிட்டு, கோப்பி குடிக்கப் போயிட்டார். வந்து பாத்தா, போகப் போகக் கணக்கு எங்கயோ போய் நிக்குது, முதல் வந்த வானிலைக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்ல. ஆயிரத்தில ஒரு பங்குக்கும் குறைஞ்ச வித்தியாசம் செய்த வேலை. நம்மட தேத்தண்ணிக் கடையில சீனி அதைவிடக் கூடக்குறையப் போடுறாங்க, நாம என்னத்தைச் சொல்ல!

கணக்கில ஏலாட்டி கண்ணால பாக்கலாமே எண்டு கேப்பாய். அதுக்குத்தான் ரேடார். தெனியாயப் பக்கம் கொங்கல மலைக்கு ஒரு டொப்ளர் ரேடாரை ஏத்திக்கொண்டு போனாங்க. மலை ஏறுற வழியில அது புரண்டு பழுதாப் போச்சு. மேல இருந்து என்னென்ன விழும் எண்டு பாக்கக் கொண்டு போன சாமான், தானே முதல் விழுந்திட்டு.

இனி நம்மட பக்கத்து ஆக்கள்ட கெட்டித்தனம். பாண்டிருப்பில எனக்கொரு கூட்டாளி. சித்திரை வருசம் பிறந்தா பஞ்சாங்கத்தை மடியில வச்சு வாசிச்சுக் காட்டுவார். இந்த வருசத்துக்கு ராசா இன்னார், மந்திரி இன்னார், முகிலுக்குப் பொறுப்பு மேகாதிபதி இன்னார். ஒரு மந்திரிசபையே இருக்கு. மழையை மரக்காலில அளந்து, கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு எண்டு பிரிச்சும் வச்சிருக்கும். கடலுக்குப் பெரிய பங்கு. ஏன் எண்டு யோசி. கடலில பெய்ததை ஆர் மரக்கால் கொண்டு போய் அளக்கிற? இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே அந்தப் புத்தகத்துக்கு நான் சலாம் வைப்பன். கர்ப்போட்டம் எண்டும் ஒண்டு இருக்கு. மார்கழிக் கடைசியில, சூரியன் பூராடத்தில நிக்கிற பதினாலு நாளும் முகில் ஓடுதா எண்டு பாக்கிற. அந்த நாளில வானம் கருக்கொண்டா, வாற வருசம் மழையாப் பிறக்கும் எண்டு கணக்கு. பிறந்தாத்தானே கரு எண்டே தெரியும்? அவர் சிரிப்பார், நானும் சிரிப்பன். தொழில்காரனுக்குத் தொழில்காரன் விளங்கும்.

எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேடேறினா மழை எண்டு உன்ட உம்மா சொல்லியிருப்பா. மண்ணுக்குள்ள ஈரம் ஊறினா அது ஏறும். ஊறவச்சது அனேகமா நேத்தைய மழை. தவளையையும் அப்படித்தான் பிழையா விளங்கி வச்சிருக்கம். மழை வரப்போகுது எண்டு ஊருக்கு அறிவிக்க அவனுக்கு என்ன சம்பளமா? தண்ணி கட்டிட்டு, சோடி தேடிக் கத்துறான். நிலாவைச் சுத்தி வட்டம் போட்டா மழை எண்டதில கொஞ்சம் சரக்கு இருக்கு. உயரத்து முகிலில இருக்கிற ஐஸ் துணுக்கில வெளிச்சம் முறிஞ்சு விழுற வட்டம் அது. குளிர் நாட்டில அந்த முகிலுக்குப் பின்னால மழை அடிக்கடி வரும். நம்மட பக்கம் அது எங்கயோ தூரத்தில கொட்டித் தீத்த இடிமுகில்ட மிச்சமாகவும் இருக்கும். வட்டத்தைப் பாத்து நெல்லை மூடினவனும் இருக்கான், மூடாம விட்டுத் தப்பினவனும் இருக்கான்.

பின்ன நான் எப்படிப் பேர் எடுத்தன் எண்டு கேக்கிறாயா? முதலாவது, தெரிஞ்சதை மட்டும் அழுத்திச் சொல்லோணும். ஆனி, ஆடியில கச்சான் காத்து வீசும். மேற்கு மலையில மழையை எல்லாம் கொட்டிட்டு வாற காத்து, நம்மளிட்ட வரக்குள்ள அதிட கையில சூடு மட்டும்தான் மிச்சம். அந்த மாதங்களில நெஞ்சை நிமித்தி, மழை இல்ல எண்டு சொல்லு. நம்மட கரையில வருசத்து மழையில அரைவாசிக்கு மேல கார்த்திகையில இருந்து தை மட்டும் விழுறது. அப்ப மழை எண்டு சொல்லு. இவ்வளவுதான், ஊர் உன்னை அவுலியா ஆக்கிடும்.

இரண்டாவது, நாள் சொல்லாத. மருதமுனையில ஒரு கைத்தறிக்காரர், சாயம் போட்ட நூலைக் காயப்போடுறதுக்கு முதல் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கிற வழக்கம். நான் உடன பதில் சொல்ல மாட்டன். கையை நெத்தியில வச்சுக் கிழக்கைப் பாப்பன். கிறுகி மேற்கைப் பாப்பன். ஒருக்கா இருமுவன். மறுகா சொல்லுவன்: "மழை வரத்தான் பாக்குது, காத்து விடுற மாதிரித் தெரியல்ல." விளங்கிச்சா? பெய்தா, வரத்தான் பாக்குது எண்டு சொன்னன்தானே. பெய்யாட்டி, காத்து விடல்ல. ஒரு பெருநாளைக்கு அவர் எனக்குச் சாரன் ஒண்டும் தந்தார். நல்ல சாரன், சாயம் கொஞ்சம் இறங்குது.

மூணாவது, பிழைச்ச நாளில தேத்தண்ணிக் கடைப் பக்கம் போகாத. சரிவந்த நாளில சுபஹு தொழுதிட்டு நேர அங்க போய் இரு. ஒண்டும் பேசாத, அவங்களாகப் பேசுவாங்க. வாய் விட்டு மாட்டின கதை தெரியுமா? லண்டனில 1987 ஒக்டோபர் 15ஆம் திகதி, மைக்கேல் ஃபிஷ் எண்ட பிபிசிக்காரர் தொலைக்காட்சியில சிரிச்சுக்கொண்டு, பெரும்புயல் வருதாமே எண்டு ஒரு பொம்புள கேட்டிருக்கா, கவலைப்படாதீங்க, வரல்ல எண்டார். அண்டைக்கு ராவே தென் இங்கிலாந்தில மரங்கள் கோடிக்கணக்கில சரிஞ்சிட்டு, ஆக்களும் செத்தாங்க. அவர் அதுக்குப் பிறகு எத்தனை வருசம் சரியாச் சொன்னாலும் ஊர் அந்த ஒரு ராவைத்தான் நினைச்சு வச்சிருந்த. நம்மளை மாதிரி ஆக்களுக்கு ஊர் அப்படிக் கணக்கு வைக்கிறதில்ல. என்ட பிழையைப் பதிஞ்சு வைக்க ஒரு கமராவும் இல்ல.

நாலாவது சொல்லுறதுக்குள்ள இந்தப் பேர் வைக்கிற கூத்தைக் கேள். நம்மட கடல் பக்கத்துப் புயலுகளுக்கு 13 நாடு முறை வச்சுப் பேர் குடுக்கும். 2025 ஒக்டோபரில நம்மட இலங்கை குடுத்த 'சக்தி' எண்ட பேருக்கு முறை வந்த. அந்தப் புயல் அரபிக்கடலில சுத்தித் திரிஞ்சிட்டு, நம்மளை எட்டியும் பாக்கல்ல. அடுத்த மாதம் யெமன்காரன் பேர் வச்ச 'டித்வா' நேர நம்மட வாசலில வந்து நிண்டு, மலைநாடு மட்டும் போய் வெள்ளத்திலயும் மண்சரிவிலயும் 600 பேருக்கு மேல கொண்டு போச்சு. சொந்தப் பிள்ளை வெளிநாட்டில, வந்தவன் இப்படி.

பகிடியை இதில விடுறன். நாலாவது இதுதான்: கடலுக்குப் போகாத, கரையை விட்டு எழும்பு எண்டு கொழும்பு சொன்னா, அண்டைக்கு நான் கடையைச் சாத்திருவன். வானம் பாக்கிற தொழிலே இல்ல. 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை ராவு சூறாவளி அடிக்கக்குள்ள எந்த எறும்பும் என்னட்ட வந்து சொல்லல்ல. மட்டக்களப்புக் கரையில தொளாயிரம் பேர் மட்டில மவுத்து, நிண்ட தென்னையை விட விழுந்த தென்னை கூட. 2004 டிசம்பர் 26 காலையில நம்மளை ஓடச் சொல்ல ஆருமே இல்ல. அது வானத்து வேலை இல்ல, கடல் வேலை, எண்டாலும் சொல்ல ஆள் இல்லாத காலை எப்படி இருக்கும் எண்டு இந்தக் கரைக்குத் தெரியும். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவில பூமி ஆடின உடன எச்சரிக்கை வந்த. பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினம், அலை வரல்ல. 2020 டிசம்பர் 2 ராவு 'புரெவி' வருது எண்டாங்க, அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையால ஏறிப் போயிட்டு. அடுத்த நாள் கடையில பெரிய ஏச்சு: சும்மா கிடந்த சனத்தைப் பயங்காட்டிட்டானுகள் எண்டு. ஏசினவன் எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்து, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டுதான் ஏசினான்.

2024 நவம்பரில பாத்தாய்தானே. அந்தத் தாழமுக்கம் புயலாகும் எண்டு இந்தியாக்காரன் சொன்னான், மறுகா ஆகாது எண்டான், 29ஆம் திகதி ஆகிட்டு எண்டு 'பெங்கல்' எண்டு பேரை வச்சான். பேர் வைக்கிறதுக்கு மூணு நாள் முந்தியே, 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டு வெள்ளத்தில மதரஸாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரம் அள்ளுப்பட்டுப் போச்சு. புயலா தாழமுக்கமா எண்டு வெள்ளம் பாக்கல்ல. அண்டைக்கு 'பலத்த மழை' எண்ட ரெண்டு சொல் அறிக்கையில இருந்தது. அந்த ரெண்டு சொல்லுக்கு வாசல் கிடையாது மருமகன், அதை வாசிச்சா வீட்டுக்குள்ள இரு.

என்ன, இவ்வளவு சொல்லியும் வாற வியாழக்கிழமை பெய்யுமா எண்டுதான் கேக்கிறாயா? அண்டைக்கு மேல்தட்டுக்குக் கொங்கிறீட் போடோணும், மேசன்மாருக்கு அட்வான்சும் குடுத்தாச்சு. சரி. போனில எச்சரிக்கை ஒண்டும் இல்லையே? இல்லாட்டிப் போடு. விடியவே தொடங்கு, அசருக்கு முதல் முடி. போட்டு இறுகிறதுக்குள்ள பெய்தாத்தான் சீமெந்தைக் கழுவும், இறுகினதுக்குப் பிறகு பெய்தா நல்லது, தண்ணி ஊத்துற வேலை மிச்சம். எதுக்கும் புதன்கிழமையே கல்முனைக்குப் போய், முழுத் தட்டும் மூடுற அளவுக்குக் கறுத்தப் பொலித்தீன் வாங்கி வச்சுக்க.

வியாழக்கிழமை மழை கொட்டினா, மாமா முதலே பொலித்தீன் வாங்கச் சொன்னார் எண்டு கடையில போய்ச் சொல்லு. வெயில் எறிச்சா, மாமாதான் துணிஞ்சு போடச் சொன்னார் எண்டு சொல்லு. ரெண்டில எது நடந்தாலும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. பொலித்தீன் காசை என்னட்டக் கேக்காத.