கியூஆர் மாமா

அந்த மாமா கையில் எந்தக் கடதாசியையும் கொடுத்துவிடாதீர்கள். கல்யாண அழைப்பிதழோ, கோயில் நோட்டீசோ, முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். கறுப்பு வெள்ளைக் கட்டம் இல்லையென்றால் முகம் சுண்டிவிடும். "இந்தக் காலத்துலயும் கியூஆர் இல்லாம அடிக்கிறானுங்களா?"

கொழும்பிலிருந்து மகன் வாங்கிவந்த வைஃபை பிரிண்டர், லயத்துக் காம்பராவில் சாமித்தட்டுக்குக் கீழே துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கிறது.     நம் பாடு பிரிண்டரோடுதான்.

மிளகாய்த்தூள் டின்னில் ஒரு கட்டம் ஒட்டியிருக்கிறார். போனைக் காட்டினால் 'மிளகாய்த்தூள்' என்று வரும். "அதை டின்னு மேலயே எழுதிட்டா என்ன?" என்று மாமி கேட்டதற்கு, "அது பழைய முறை" என்று பதில். மாமி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக் குழம்பு வைக்கிறார். கரண்ட் பில்லில், கலண்டரில், குடைப்பிடியில், எல்லாவற்றிலும் கட்டம்.

போன திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் நோட்டீஸ் மாமா பொறுப்பு. மேலே அம்மன் படம், கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம், அவ்வளவுதான். பூசை நேரம், தேர் போகும் வழி எல்லாம் கட்டத்துக்குள்ளே. அதைத் திறக்க டேட்டா வேண்டும். டேட்டாவுக்கு சிக்னல் வேண்டும். சிக்னலுக்குத் தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். பாதி சனம் நோட்டீசோடு மேட்டில் நிற்க, கீழே தேர் நகர்ந்துவிட்டது.

கேட்டால் பாடம் தொடங்கும். "1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பனியில மசாஹிரோ ஹரான்னு ஒருத்தர், கார் சாமான் கணக்குக்குக் கண்டுபுடிச்சதுடா தம்பி. நல்ல தரத்துல போட்டா 30 வீதம் அழிஞ்சாலும் வாசிக்கும்." ஜப்பான்காரர் ஹட்டன் மழையைப் பார்த்ததில்லை. மதிலில் ஒட்டிய கட்டங்கள் மறுநாள் சாயம் இறங்கி நின்றன. 30 மழையில் போனது, மீதி 70ஐ மூடுபனி பார்த்துக்கொண்டது.

இந்தக் கிறுக்கு 2022 பெற்றோல் வரிசையில் பிடித்தது. பெற்றோல் பங்கீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த கியூஆரை லெமினேட் பண்ணிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிப் போனவர். 2023 செப்டம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. மாமா நிறுத்தவில்லை.

சுவரில் அவருடைய அப்பா படம். அதன் கீழும் ஒரு கட்டம். திறந்தால் பழைய கெசட் இரைச்சலுக்குள்ளே பெரியவர் காமன் கூத்துப் பாட்டுப் பாடுகிறார். மாசி மாதம் வந்தால் பக்கத்து லயத்துப் பிள்ளைகள்கூட அந்தப் படத்துக்கு முன்னால் போனைப் பிடித்து நிற்கிறார்கள். அங்கே மாமாவை யாரும் கேலி செய்வதில்லை.

கடைசியாக வாசல் கதவிலும் ஒட்டினார். தன் வீட்டுக்கே வழி தெரியாமல் போகிறவர் போல என்று இஸ்தோப்பில் ஒரே சிரிப்பு. போனைக் காட்டினால் மேப் திறந்து, பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. "சிரிங்கடா. இந்த வீட்டுக்கு வேற என்ன விலாசம் இருக்கு?" என்றார்.

இல்லைதான். கதவு இலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. எங்களுடையதைப் போல எத்தனையோ தோட்டங்களில் கடிதம் இன்றும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது. அங்கிருந்து கை மாறி வீடு வரும்போது இன்டர்வியூ முடிந்திருக்கும், அடகு நகை ஏலம் போயிருக்கும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை, பெட்டியில் தோட்டத்தின் பெயரை அச்சடித்துக்கொண்டு உலகமெல்லாம் போகிறது. கொழுந்து பறித்தவள் வீட்டுக்கு ஒரு நம்பர் இல்லை.

மாமாவின் கட்டமும் அடுத்த மழையில் கரையும்; தபால்காரர் போனை நீட்டிக்கொண்டு லயம் லயமாக நடக்கப் போவதுமில்லை. வீட்டுக்கொரு தகரத் துண்டு, அதில் பெயின்டில் ஓர் இலக்கம், அடிக்க நாலு ஆணி. வைஃபை இல்லாமலே முடிகிற வேலை. செய்ய வேண்டியவர்கள் செய்தால், மாமா மிளகாய் டின்னோடு நிறுத்திக்கொள்வார்.